போனை அணைத்துவிட்டுப் பேசிய ஞாயிற்றுக்கிழமை

காதல் கதை படித்துக் கெட்டுப்போனவர்களைப் பற்றி எல்லாரும் பேசுவார்கள். காதல் கதை படித்துத் திருந்தப் பார்த்தவர்களைப் பற்றி யாரும் வாயைத் திறப்பதில்லை. நான் இரண்டாவது வகை. முதல் வகையிலேயே இருந்திருந்தால் பாடாங் கோத்தா கடற்கரையில் அத்தனை பேர் முன்னால் என் நாத்தனார் என்னை இடுப்போடு கட்டிப் பிடித்துக் கீழே தள்ளியிருக்க மாட்டார். இப்போதும் யோசித்துப் பார்க்கிறேன். தப்பு கதை மேலா, என் மேலா, டயப்பர் பை மேலா என்று எனக்குச் சரியாகத் தெரியவில்லை.

என் பள்ளி நாட்களில் காதல் கதை என்றால் வேறு மாதிரி. கதாநாயகனுக்குக் கண் சிவக்கும், தாடை இறுகும். கதாநாயகியின் கையை முறுக்குவான். அவள் யாரோ ஒருவனோடு பேசியதைத் தூரத்தில் இருந்து பார்த்துவிட்டு முன்னூறு பக்கத்துக்கு முகத்தைத் திருப்பிக்கொள்வான். கடைசியில் பார்த்தால் அது அவளுடைய சொந்த அண்ணன். 'யார் அது?' என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் கதை பதினைந்தாம் பக்கத்திலேயே முடிந்து, மரங்களாவது பிழைத்திருக்கும்.

இப்போது போனில் வரும் தொடர்கதைகள் அப்படி இல்லை. என் மகன் இளன் பிறந்த பிறகு, இடது கையில் அவன், வலது கையில் போன் என்று பால் கொடுக்கும் நேரமெல்லாம் ஒரு தொடரைப் படித்துக்கொண்டிருந்தேன். அதில் கதாநாயகன் பெயர் ரிஷி. ரிஷி அழுவான். கோபம் வந்தால் கதவை அறையாமல், "மிருது, எனக்கு இப்போ பத்து நிமிஷம் வேணும். மூச்சு விட்டுட்டு வந்து பேசுறேன்" என்பான். சொன்ன மாதிரியே வந்தும் பேசுவான். (என் வீட்டில் பத்து நிமிஷம் கேட்டுப் போகிறவர் போனில் ஃபுட்பால் பார்க்கக் கழிவறைக்குப் போகிறார்.) மிருதுளாவும் லேசுப்பட்டவள் இல்லை. 'நீங்கள்' என்று ஆரம்பிக்கும் வாக்கியம் குற்றச்சாட்டு, 'நான்' என்று ஆரம்பிக்கும் வாக்கியம் உணர்வு என்று அவளுக்குத் தெரியும். எனக்கு அதுவரை தெரியாது. அலுவலகத்தில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தவளுக்கு அது எங்கே தெரியும்?

இதெல்லாம் எனக்கு ஏன் தேவைப்பட்டது என்று சொல்லிவிடுகிறேன்.

பிள்ளை பிறந்ததிலிருந்து எனக்குப் பயம். எதைப் பார்த்தாலும் பயம். தூங்குகிறவன் மூக்கடியில் விரலை வைத்துப் பார்ப்பேன். மூச்சு வருகிறது என்று தெரிந்ததும், இவ்வளவு வேகமாக வரலாமா என்று அடுத்த சந்தேகம். திராட்சைப் பழம் பயம், மின்விசிறி பயம், பக்கத்து வீட்டுப் பூனை என்னைப் பார்த்துக் கண் சிமிட்டினால்கூட உள்ளே ஏதோ செய்யும். எல்லாத் தாய்மாரும் இயல்பாகச் செய்கிறார்கள், எனக்கு மட்டும் வரவில்லை என்று குளியலறையில் தண்ணீரைத் திறந்துவிட்டு அழுவேன்.

இதைச் சொல்லிக்கொள்ள இருக்கிற ஒரே ஆள் என் கணவர் முரளி. அவரோ அந்த நாட்களில் தள்ளித் தள்ளிப் போய்க்கொண்டிருந்தார். புக்கிட் தெங்காவில் ஒரு தொழிற்சாலையில் இயந்திரங்களைப் பார்த்துக்கொள்ளும் வேலை. நாங்கள் இருக்கும் தீவில் இருந்து கடல் பாலத்தைக் கடந்து போய் வருவதே பாதி உயிர். அது போதாது என்று ஞாயிற்றுக்கிழமை ஓவர்டைமையும் தானாகவே கேட்டு வாங்கிக்கொண்டார். வீட்டில் இருந்தாலும் பிள்ளையைத் தூக்க மாட்டார். நீட்டினால், "கை கழுவல" என்பார். கழுவிவிட்டு வந்தால், "சட்டை அழுக்கு" என்பார். சட்டையை மாற்றிவிட்டு வந்தால், "அவன் உங்கிட்டயே நல்லா இருக்கான்லா" என்பார். இவருக்குப் பிள்ளையைப் பிடிக்கவில்லையோ, என்னைப் பிடிக்கவில்லையோ, இரண்டு பேரையுமே பிடிக்கவில்லையோ என்று எனக்குக் குழப்பம். நேரடியாகக் கேட்கத் தைரியம் இல்லை. ஆமாம் என்று சொல்லிவிட்டால்?

அதனால்தான் ரிஷியையும் மிருதுளாவையும் நம்பினேன்.

முதல் முயற்சி சாப்பாட்டு மேசையில். "இன்னிக்கு உங்க மனசு எப்படி இருக்கு?" என்று கேட்டேன்.

சோற்றில் இருந்த கை அப்படியே நின்றது. "ஏன்? யாராச்சும் செத்துட்டாங்களா?"

"இல்ல, சும்மா கேட்டேன்."

"சும்மா யாரும் அப்படிக் கேக்க மாட்டாங்கலா. சொல்லு, யாரு?"

அவரைச் சமாதானப்படுத்த அன்று ஈப்போவில் இருக்கும் என் அம்மாவுக்கு வேறு போன் போட்டு, உயிரோடு இருக்கிறார் என்று காட்ட வேண்டியதாயிற்று.

இரண்டாவது முயற்சியில் 'நான்' வாக்கியத்தைக் கையில் எடுத்தேன். ரொம்ப நேரம் மனதுக்குள் சொல்லிப் பார்த்துவிட்டு, "சாப்பிட்ட தட்டு அப்படியே மேசையில கிடக்குறப்ப நான் தனிமையா உணர்றேன்" என்றேன். அவர் என்னை ஒரு நிமிஷம் பார்த்தார். எழுந்து போய்த் தட்டைக் கழுவினார். மறுநாள் எல்லாத் தட்டையும் கழுவினார். கழுவி வைத்திருந்த தட்டையும் எடுத்து இன்னொரு முறை கழுவினார். அந்த வாரக் கடைசியில் ஜெலுத்தோங் சந்தைப் பக்கம் போய்த் தட்டு அடுக்கி வைக்கிற எவர்சில்வர் தாங்கி ஒன்று வாங்கி வந்து, சுவரில் துளை போட்டு மாட்டியும் விட்டார். தட்டுக்கு இடம் கிடைத்தது. தனிமை இருந்த இடத்திலேயே இருந்தது. நன்றி சொல்வதா, அழுவதா என்று தெரியாமல் நன்றி சொன்னேன். நான் அப்படித்தான்.

அப்போதுதான் தொடரில் அந்தக் கடற்கரை அத்தியாயம் வந்தது. ரிஷியும் மிருதுளாவும் வீட்டை விட்டு வெளியே, இரண்டு பேருக்கும் பொதுவான ஓர் இடத்துக்குப் போகிறார்கள். போனை அணைத்துவிடுகிறார்கள். ஒருவர் பேச, மற்றவர் குறுக்கே பேசாமல் கேட்க வேண்டும். கேட்டதை அப்படியே திருப்பிச் சொல்ல வேண்டும். பிறகு, "வேறு ஏதாவது இருக்கிறதா?" என்று கேட்க வேண்டும். அந்த அத்தியாயத்தின் முடிவில் இரண்டு பேரும் கட்டிக்கொண்டு அழுகிறார்கள். நானும் அழுதேன். இளன் மட்டும் ஏப்பம் விட்டான்.

முக்கியமான வாக்கியங்களை எல்லாம் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்துக்கொண்டேன்.

ஞாயிறு வந்தது. இளனை டத்தோ கிராமாட்டில் இருக்கும் என் நாத்தனார் வீட்டில் விடுவதாக ஏற்பாடு. கோமளா அக்கா முரளிக்கு மூத்தவர். பெரிய குரல், பெரிய மனசு. என் மாமியாரும் அவரோடுதான் இருக்கிறார். பிள்ளையை இன்னொரு வீட்டில் விட்டுவிட்டு நான் எங்கேயும் போனதில்லை. அதுதான் முதல் தடவை. அக்காவின் கையில் அவனைக் கொடுக்கும்போதே எனக்குக் கண் கலங்கிவிட்டது.

"அக்கா, அழுதா அந்த மஞ்சத் துண்டக் குடுங்க, கன்னத்துல வச்சிக்கிட்டுத் தூங்கிடுவான். சூடா எதையும் பக்கத்துல வைக்காதீங்க. பேரு சொல்லிக் கூப்பிட்டா திரும்பிப் பார்ப்பான். எனக்கு என்ன ஆனாலும் நீங்க இவனப் பார்த்துக்குவீங்கதானே?"

(இது என் வழக்கமான பேச்சு. பாசாருக்கு மீன் வாங்கப் போகும்போதும் முரளியிடம் இப்படித்தான் சொல்வேன். ஆனால் அக்காவிடம் அதுவரை சொன்னதில்லை.)

அக்கா என்னை ஏற இறங்கப் பார்த்தார். "எங்க போறீங்க ரெண்டு பேரும்?"

"சும்மா, கடல் பக்கம்" என்றார் முரளி. அவருக்கே அதற்கு மேல் தெரியாது. நான் சொல்லவில்லை.

"எப்ப வருவீங்க?"

"தெரியலக்கா" என்றேன். ரிஷியும் மிருதுளாவும் நட்சத்திரம் முளைக்கும் வரை பேசினார்கள். எங்களுக்கு எவ்வளவு ஆகும் என்று எனக்கு எப்படித் தெரியும்?

டயப்பர் பையைக் கொடுத்துவிட்டு மூக்கை உறிஞ்சிக்கொண்டே படி இறங்கினேன்.

இந்த இடத்தில் அந்தப் பையைப் பற்றிச் சொல்ல வேண்டும். இரண்டு நாளுக்கு முன்னால் இளன் என் தாலிக்கொடியைப் பிடித்து இழுத்ததில் கொக்கி உடைந்துபோனது. முறைப்படி தாலியைக் கழற்றி மஞ்சள் கயிற்றில் கோத்துக் கழுத்தில் கட்டிக்கொண்டேன். வெறும் கொடியைக் கைக்குட்டையில் சுற்றி, திங்கட்கிழமை லிட்டல் இந்தியாவில் பத்தரிடம் கொடுக்கலாம் என்று டயப்பர் பையின் பக்கவாட்டு அறையில் வைத்தேன். வீட்டில் பீரோ இல்லையா என்று கேட்கலாம். இருக்கிறது. ஆனால் அந்த நாட்களில் நான் எதையும் மறப்பேன், டயப்பர் பையை மட்டும் மறக்க மாட்டேன். உலகத்திலேயே பத்திரமான இடம் அதுதான் என்று என் மூளை சொன்னது. பிள்ளை பெற்றவர்களுக்கு இது புரியும். மற்றவர்கள் மன்னிக்கவும்.

பாடாங் கோத்தாவில் நல்ல காற்று. திடலில் பிள்ளைகள் பட்டம் விட்டுக்கொண்டிருந்தார்கள். ஒருவர் சோப்புக் குமிழி விற்றுக்கொண்டிருந்தார். கடலோரத்துக் குட்டைச் சுவரில் காலை மேலே மடித்துப் போட்டு, ஒருவரை ஒருவர் பார்த்த மாதிரி உட்கார்ந்தோம். (கதையில் அப்படித்தான்.)

"போன ஆஃப் பண்ணுங்க" என்றேன்.

"சைலண்ட் போதாதா?"

"இல்ல, முழுசா. ரிஷி முழுசாத்தான் ஆஃப் பண்ணுவாரு."

"யாரு ரிஷி?"

"கதையில வர்றவரு."

"அவருக்கு ஷிப்ட் வேல இல்ல போல" என்று முணுமுணுத்துக்கொண்டே அணைத்தார். நானும் அணைத்தேன். திரை கறுத்த பிறகுதான் உறைத்தது. நான் பேச வேண்டிய வாக்கியம் முழுவதும் அதற்குள்தான் இருந்தது.

மறுபடி போனைப் போட்டால் விதியை மீறியதாகும். போடாவிட்டால் பேச்சே இல்லை. கொஞ்ச நேரம் கப்பலைப் பார்த்தேன். பிறகு கண்ணை மூடிக்கொண்டு ஆரம்பித்தேன்.

"நான்... வந்து... நான் உணர்றேன்."

விதியை அவர் காடி ஓட்டிக்கொண்டு வரும்போதே சொல்லியிருந்தேன். அவர் தொழிற்சாலையில் வாக்கி டாக்கியில் பேசிப் பழகியவர். நிமிர்ந்து உட்கார்ந்து, தெளிவாகத் திருப்பிச் சொன்னார். "நீ உணர்றே."

"ஆமா."

"சரி. வேற ஏதாச்சும் இருக்கா?"

எனக்கு வார்த்தையே வரவில்லை. அவர் காத்திருந்தார். நான் அவரையே பார்த்துக்கொண்டிருந்தேன். மிருதுளா இப்படித்தான் மௌனமாகப் பார்ப்பாள், அந்தப் பார்வையில் ஆயிரம் அர்த்தம் இருக்கும் என்று எழுதியிருந்தது. என் பார்வையில் எத்தனை அர்த்தம் இருந்ததோ தெரியாது. முரளிக்கு ஒரே ஓர் அர்த்தம்தான் தெரிந்திருக்கிறது. போலீஸ் விசாரணை.

அவருக்கு நெற்றி வேர்த்தது. "சரி, தெரிஞ்சிருச்சா?" என்றார்.

"என்னது?"

"அன்னிக்கு வேலையில சாப்பிடவே நேரமில்லன்னு சொன்னேன்ல. நாசி கண்டார் கடையில சோறு சாப்பிட்டேன். மாட்டிறைச்சி இல்ல, கோழிதான். சத்தியமா."

நான் பேசாமல் இருந்தேன். குறுக்கே பேசக் கூடாது என்பது விதி. அந்த மௌனம் அவரை இன்னும் உலுக்கியது.

"பால் பம்ப் மூடி காணாமப் போச்சுன்னு தேடினியே. நான்தான் கொதிக்க வைக்கப் போட்டுட்டு மறந்துட்டேன். உருகிடுச்சு. புதுசு வாங்கி வச்சிட்டேன்."

அப்போதும் நான் பேசவில்லை. உள்ளே மட்டும் குழம்பிக்கொண்டிருந்தேன். இது மனம் திறப்பதா? மனம் திறந்தால் உள்ளே நாசி கண்டாரும் உருகிய மூடியும்தான் இருக்குமா? ரிஷிக்கு உள்ளே சிறுவயது ஏக்கம் எல்லாம் இருந்ததே.

அவர் கடலைப் பார்த்தார். குரல் இறங்கிப்போனது.

"அப்புறம்... நீ குளிக்கப் போனே ஒரு நாள். அவன என்கிட்ட விட்டுட்டுப் போனே. ஒரு நொடிதான் திரும்பினேன். மெத்தையில இருந்து விழுந்துட்டான்."

இந்த இடத்தில் மிருதுளாவாக இருந்தால் அவன் கையைப் பற்றி, "என்னை நம்பி இதைச் சொன்னதற்கு நன்றி" என்றிருப்பாள். அந்த வாக்கியம் எனக்கு நன்றாகவே தெரியும். அதையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்திருந்தேன்.

நான் சுவர் மேலேயே எழுந்து நின்றுவிட்டேன்.

"என்னதூ!" பட்டம் விட்ட பிள்ளைகள் திரும்பிப் பார்த்தார்கள். "விழுந்தானா! தலையா? எந்தப் பக்கம்? ஏன் எங்கிட்ட சொல்லல? அய்யோ! அய்யய்யோ!" இரண்டு கையையும் விரித்து ஆட்டிக்கொண்டு, கடலுக்கு முதுகைக் காட்டிக் கத்தினேன். காற்றில் துப்பட்டா பறந்தது. தூரத்தில் இருந்து பார்த்தால் எப்படி இருந்திருக்கும் என்று அப்போது நான் யோசிக்கவில்லை.

தூரத்தில் இருந்து பார்த்தவர் கோமளா அக்கா.

நடந்தது இதுதான். நாங்கள் கிளம்பிய கொஞ்ச நேரத்தில் டயப்பர் மாற்றப் பையைத் திறந்திருக்கிறார். பக்கவாட்டில் கை விட்டால் கைக்குட்டை. பிரித்தால் என் தாலிக்கொடி. எனக்குப் போன் போட்டிருக்கிறார், அணைந்திருக்கிறது. தம்பிக்குப் போட்டிருக்கிறார், அணைந்திருக்கிறது. எங்கள் குடும்பத்தில் கழிவறைக்குள்ளேயும் போன் எடுப்பார்கள். ஒருவர் போன் அணைந்தாலே பக்கத்து வீட்டுக்காரரைக் கதவு தட்டச் சொல்வார்கள். இங்கே இரண்டும் அணைந்திருக்கிறது. நான் அழுதுகொண்டே மஞ்சள் துண்டைப் பற்றிச் சொன்னது, 'எனக்கு என்ன ஆனாலும்' என்றது, தம்பி சொன்ன 'கடல் பக்கம்', எல்லாவற்றையும் அக்கா ஒன்றாகச் சேர்த்துப் பார்த்திருக்கிறார். எந்த முடிவுக்கு வந்தார் என்பதை நான் எழுத வேண்டியதில்லை. எங்கள் குடும்பத்தில் கடல் பக்கம் என்றால் பாடாங் கோத்தாதான். அவருடைய கணவர் சேகர் அண்ணே கைலியோடு காடியைக் கிளப்பியிருக்கிறார். மாமியார் பிள்ளையோடு பின்னால் ஏறியிருக்கிறார்.

"யம்மா! வேணாம்மா! இறங்கும்மா!"

குரல் வந்த திசையில் நான் திரும்புவதற்குள் அக்கா வந்துவிட்டார். அவ்வளவு பெரிய உடம்பு அவ்வளவு வேகமாக ஓடி நான் பார்த்ததில்லை. இடுப்போடு அணைத்துச் சுவரில் இருந்து என்னை இழுத்தார். இரண்டு பேரும் நடைபாதையில் உருண்டோம். சோப்புக் குமிழிக்காரரின் வாளி கவிழ்ந்தது. கோபுரம் கோபுரமாக நுரை.

அந்தப் பக்கம் சேகர் அண்ணே ஒரு கையால் கைலியையும் மறு கையால் முரளியின் சட்டைக் காலரையும் பிடித்துக்கொண்டிருந்தார். "என்னடா பண்ணே என் தங்கச்சிய?"

"மாமா, நான் ஒண்ணும் பண்ணல. நான் திருப்பித்தான் சொன்னேன்!"

"திருப்பிச் சொல்றியா? பொண்டாட்டிய எதுத்துத் திருப்பி வேற சொல்றியா நீ?"

நாயோடு நடக்க வந்த ஒரு சீனப் பெரியவர், "ஓகே? ஓகே?" என்று யாரையோ கேட்டுக்கொண்டிருந்தார். மாமியார் இடுப்பில் இளன். உள்ளங்கைக்குள் என் தாலிக்கொடி. கண்ணில் தண்ணீர். "அவன் ஏதாச்சும் சொல்லியிருந்தா எங்கிட்ட வந்திருக்கலாமே தாயி. இதக் கழட்டலாமா?"

அப்போதுதான் எனக்கு விஷயம் விளங்கியது.

"கழுத்தக் காட்டு!" என்றார் அக்கா, தரையில் உட்கார்ந்தபடியே.

நுரையோடு நுரையாக உட்கார்ந்து, சட்டைக் கழுத்துக்குள் கை விட்டு, மஞ்சள் கயிற்றைத் தாலியோடு வெளியே எடுத்துக் காட்டினேன். மனதைத் திறந்து காட்ட வந்தவள் கடைசியில் காட்டியது அதைத்தான்.

அக்கா கை நீட்டித் தாலியைத் தொட்டுப் பார்த்தார்.

"அப்ப இது?" என்றார் மாமியார், கொடியைத் தூக்கிப் பிடித்து.

"கொக்கி உடைஞ்சிருச்சு அத்தை. இவன் இழுத்துட்டான். நாளைக்குப் பத்தர்கிட்ட குடுக்கணும்."

"அத டயப்பரோடவா வைப்பாங்க!" அக்காவுக்கு மூச்சு வாங்கியது. "சரி, போன ஏன் ஆஃப் பண்ணீங்க?"

"பேசறதுக்குக்கா."

"பேசறதுக்குத்தானே போனு!"

"இல்லக்கா, நேர்ல. மனசு விட்டு."

"அத வீட்ல பேசக் கூடாதா? கறி அரிஞ்சிக்கிட்டே பேசக் கூடாதா? நாங்கல்லாம் பேசலையா? கடல்ல வந்து, செவுத்துல ஏறி நின்னு, அய்யய்யோன்னு கத்திப் பேசறதுதான் மனசு விட்டுப் பேசறதா?"

நான் துப்பட்டாவில் ஒட்டிய நுரையை வழித்தேன்.

"ஏன் கத்துனா?" என்று சேகர் அண்ணே காலரை விடாமல் கேட்டார்.

முரளி எல்லாரையும் ஒரு முறை பார்த்தார். இன்னொரு தடவை சொன்னார். மெத்தை தரையில் போட்டதுதான். நாலு விரல் உயரம். கீழே தலையணை கிடந்தது. அதன் மேல்தான் விழுந்தான். இயந்திரம் பழுதானதை மேலதிகாரியிடம் சொல்கிற மாதிரி வரிசையாகச் சொன்னார்.

"அழுதானா?" என்றேன்.

"இல்ல. என்னப் பார்த்துச் சிரிச்சான்." அவர் தரையைப் பார்த்தார். "நான்தான் அழுதேன். அதுக்கப்புறம் அவனத் தூக்கப் போனாலே கை நடுங்குது. அதான் ஞாயித்துக்கிழமையும் வேலைக்குப் போயிட்டேன். நான் இல்லாட்டி அவன் பத்திரமா இருப்பான்லா."

கை கழுவல, சட்டை அழுக்கு, அவன் உங்கிட்டயே நல்லா இருக்கான். இத்தனை நாளும் நான் ஏதேதோ நினைத்துக் குளியலறையில் தண்ணீரைத் திறந்துவிட்டேன். அவர் பாலத்தைக் கடந்து போயிருக்கிறார்.

சேகர் அண்ணே மெதுவாகக் காலரை விட்டார். தொண்டையைச் செருமினார். "இதுக்கா அழுத? நானும்தான் எங்க பாப்பாவ சூப்பர்மார்க்கெட் டிராலியில இருந்து கீழ போட்டேன்."

"என்னது?" கோமளா அக்கா எழுந்துவிட்டார். "எப்ப?"

"அது... அவ சின்னப் பிள்ளையா இருக்குறப்ப."

"கொசு கடிச்சு வீங்கியிருக்குன்னு சொன்னீங்களே, அதா! அவளுக்கு இப்ப காலேஜ் முடியப் போகுது! இத்தன வருஷம் நான் கொசுவத் திட்டிக்கிட்டு இருக்கேன்!"

"சரி விடு கோமளா" என்றார் மாமியார். கொடியை முந்தானையில் முடிந்துகொண்டே, ஏதோ மார்க்கெட் விலை சொல்கிற மாதிரி, "முரளியே ஸ்பிரிங் தொட்டில்ல இருந்து விழுந்தவன்தானே. புருவத்துல இருக்கே, அது."

முரளி புருவத்தைத் தொட்டார். "இது ஃபுட்பால்ல அடிபட்டதுன்னு சொன்னீங்கம்மா."

"நீ தவழவே இல்ல அப்போ. எங்க ஃபுட்பால் ஆடுன? உங்கப்பாவுக்குத் தெரிஞ்சா ஏசுவாருன்னு சொன்னேன். அப்புறம் அதையே சொல்லிப் பழகிப்போச்சு."

அவர் முகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். முப்பது வயதுக்கு மேல் ஒரு மனிதனின் வீர வரலாறு சரிந்து விழுவதை நான் கண்ணால் பார்த்தேன். நண்பர்களிடம் அந்த வடுவைக் காட்டி எத்தனை கோல் சொல்லியிருப்பார்!

குமிழிக்காரருக்கு ஈடு கட்டி, மன்னிப்புக் கேட்டு, சீனப் பெரியவருக்கு "ஓகே அங்கிள்" சொல்லி அனுப்பி, பக்கத்துச் சாப்பாட்டுக் கடைகளில் போய் உட்கார்ந்தோம். ஓடி வந்ததில் அக்காவுக்குப் பசி. வடையும் வெள்ளரிக்காயும் நறுக்கிப் போட்டுக் குழம்பு ஊற்றித் தருகிற பசெம்போர் ஒரு பெரிய தட்டு வாங்கினார். மாமியாருக்குச் சாப்பிட இரண்டு கையும் வேண்டியிருந்தது. யாரிடமும் கேட்காமல் இளனைத் தூக்கி முரளியின் மடியில் வைத்துவிட்டார்.

முரளி முட்டைத் தட்டைத் தூக்கி வருகிறவர் மாதிரி விறைத்து உட்கார்ந்தார். மூச்சுகூட விடவில்லை என்று நினைக்கிறேன். இளன் அவர் சட்டைப் பித்தானை வாயில் போட்டுக்கொண்டான். (பித்தான் எனக்குப் பயம். அன்று மட்டும் வாயை மூடிக்கொண்டேன்.)

நான் அவர் பக்கம் சாய்ந்தேன். இப்போது எந்த வாக்கியமும் நினைவில் இல்லை. "எனக்கும் பயமா இருக்குங்க" என்றேன். "எப்பவும். எல்லாத்துக்கும். நான் சரியாத்தான் பார்த்துக்கிறேனான்னே தெரியல."

அவர் பிள்ளையை விட்டுக் கண்ணை எடுக்காமல், ரொம்ப மெதுவாகத் திருப்பிச் சொன்னார். "உனக்குப் பயமா இருக்கு. எப்பவும். சரியாப் பார்த்துக்கிறியான்னு தெரியல."

"ஆமா."

"வேற ஏதாச்சும் இருக்கா?"

தலையை ஆட்டினேன். வேறு எதுவும் இல்லை. அவ்வளவுதான் இருந்தது.

"எனக்கும் அதேதான்" என்றார்.

நான் அழ வேண்டிய இடம் அது. அழவும் ஆரம்பித்தேன். அதற்குள் அக்கா எதிரில் இருந்து, "என்னம்மா, குழம்பு காரமா? தண்ணி வாங்கட்டா?" என்றார். அந்த அத்தியாயம் அங்கேயே முடிந்தது.

அன்று நடந்தது வெற்றியா, அவமானமா என்று எனக்கு இன்னும் பிடிபடவில்லை. முரளி ஞாயிற்றுக்கிழமை வேலையை விட்டார். பிள்ளையைத் தூக்குகிறார், குளிப்பாட்டுகிறார். என் பயம் முழுக்கப் போகவில்லை. ஆனால் மூக்கடியில் விரல் வைத்துப் பார்க்க இப்போது இரண்டு பேர் இருக்கிறோம். அந்தத் தொடரை நான் முடிக்கவே இல்லை. ரிஷியும் மிருதுளாவும் யாரும் வந்து தள்ளிவிடாமல் எவ்வளவு நேரம் பேசினார்கள் என்பதை நினைத்தாலே பொறாமையாக இருந்தது.

குடும்பத்தில் அது கதையாகிவிட்டது. யார் வீட்டில் புருஷன் பெண்டாட்டி முறைத்துக்கொண்டாலும், "பாடாங் கோத்தாவுக்குப் போயிட்டு வாங்களேன், நாங்க பின்னாலயே வர்றோம்" என்பார்கள். சேகர் அண்ணே கொசு என்று வாயைத் திறந்தால் எல்லாரும் சிரிப்பார்கள். விசேஷ வீடுகளில் கோமளா அக்கா என்னைக் கட்டிப்பிடிக்கும்போது ஒரு விரல் என் கழுத்துப் பக்கம் போய்க் கொடியைத் தொட்டுவிட்டு வரும். டயப்பர் பையைத் தூக்கிப் போட்டே வெகு நாளாகிறது. அக்காவுக்கு அந்தச் சமாதானம் எல்லாம் செல்லாது.

போன ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், இளன் தூங்கிய பிறகு, முரளி தன் போனை மேசை மேல் வைத்துவிட்டு என் எதிரில் வந்து உட்கார்ந்தார். திரை கறுத்திருந்ததைப் பார்த்ததும் நான் எழுந்துவிட்டேன்.

"என்ன ஆச்சு? என்ன பண்ணீங்க? எங்க விழுந்தான்?"

"ஒண்ணும் இல்லலா. சார்ஜ் இல்ல" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "ஆனா உக்காரேன்" என்றார்.

உட்கார்ந்தேன். அவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். என் போன் அடித்தது. கோமளா அக்கா.

"தம்பி போன் ஏன் ஆஃப்ல இருக்கு?"

"சார்ஜ் இல்லக்கா. பேசிக்கிட்டு இருக்கோம்."

அக்கா குரலைத் தாழ்த்தினார். "கொடி?"

கை தானாகக் கழுத்துக்குப் போனது. "இருக்குக்கா."

"சரி, பேசுங்க. பத்து நிமிஷம் தர்றேன். அதுக்கு மேல ஆச்சுன்னா காடிய எடுத்துருவேன்."